டைவர்ஸ் ஆகி அம்மா வீட்டுக்கே வந்துட்டேன், அம்மா என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல. என்ன செய்யலாம்?

கோட்டையூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வர்றத எல்லாம் படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 33 வயசு, 6 வயசுல ஒரு பொண்ணு இருக்கா. போன வருஷம் மியூச்சுவல் கன்சென்ட்ல டைவர்ஸ் ஆச்சு. காரணத்த இங்க எழுதல, ஆனா நல்லா யோசிச்சு எடுத்த முடிவு, இன்னிக்கும் அது சரின்னுதான் நெனைக்கிறேன். ஆபீஸ்ல ஒர்க் ஃப்ரம் ஹோம் குடுத்துட்டாங்க, அதனால பிள்ளைய கூட்டிக்கிட்டு சென்னைலேந்து கோட்டையூருக்கு அம்மாகிட்டயே வந்துட்டேன். அப்பச்சி, அதாவது எங்கப்பா, தவறி பல வருஷம் ஆச்சு. அண்ணனும் அண்ணமிண்டியும் (அண்ணி) கோயமுத்தூர்ல. இவ்ளோ பெரிய செட்டிநாட்டு வீட்ல நாங்க மூணே பேர்தான், எதிர்த்த அறையெல்லாம் பங்காளிகளோடது, அவங்க நல்லது கெட்டதுக்கு வந்தாதான் பூட்டு தெறக்கும்.

அம்மா திட்டுறதில்ல. திட்டுனாக்கூட பதில் பேசிடலாம். காப்பி நேரத்துக்கு என் லேப்டாப் பக்கத்துல வந்துடும், சாப்பாட்ல எனக்குப் புடிச்சது ஒண்ணு இருக்கும், ஆனா வாய் தெறக்க மாட்டாங்க. "ஒங்கம்மாவ சாப்பிட வரச் சொல்லு", "ஒங்கம்மாட்ட கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேளு", எல்லாமே என் பொண்ணு வழியாதான் வரும். நான் அடுத்த தூணுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்.

யாராவது வீட்டுக்கு வந்தா "லீவுக்கு வந்திருக்கா"ம்பாங்க. மாப்பிள்ளை வரலையான்னு கேட்டா "வேலை ஜாஸ்தி". பிள்ளைய காரைக்குடில ஸ்கூல்ல சேத்து தெனமும் யூனிபார்ம் போட்டு வேன் ஏறிட்டு இருக்கா, லீவுக்கு வந்திருக்கான்னா யாரு நம்புவாங்க சொல்லுங்க.

பெரிய சண்டை வந்தது சாமான் வந்த அன்னிக்கு. கல்யாணத்துக்கு அம்மா வச்ச சாமான்ல முக்காவாசி மாமியார் வீட்ல கட்டுக்கூட பிரிக்காம ஒரு அறைல கெடந்துச்சு, அத அப்படியே லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க. அம்மா சாமான் எழுதி வச்ச பழைய சிட்டை நோட்ட எடுத்துட்டு வந்து பட்டாலைக் கூடத்துல உக்காந்தாங்க. அண்டா, குத்தடுக்கு, தூக்குச்சட்டி, எனாமல் பேசின், மரவைன்னு ஒவ்வொண்ணா எடுத்து கவுத்துப் போட்டு, அடில எங்க வீட்டு விலாசம், அதான் இனிஷியல் எழுத்து, பொட்டுப்பொட்டா வெட்டியிருக்கும்ல அத வெரலால தடவிப் பாத்து, நோட்ல ஒரு டிக். மத்தியானம் சாப்பிடக்கூட எந்திரிக்கல. பொழுது சாயுற நேரத்துல தலைய நிமிந்து என்னப் பாத்து நேரா கேட்டாங்க, மாசக்கணக்குல என்கிட்ட நேரா கேட்ட ஒரே கேள்வி, "வெள்ளிக் கூசா ஒண்ணு கொறயுதே, எங்க?"

நான் அந்த வீட்ல எப்படி இருந்தேன், தூங்குனேனா, சாப்பிட்டேனா, ஒண்ணும் கேக்கல. கூசா எங்கன்னு கேட்டாங்க. நான் வெடிச்சுட்டேன், "ஒனக்கு மக திரும்பி வந்தது தெரியல, சாமான் திரும்பி வந்ததுதான் தெரியுது"ன்னு கத்திட்டு மாடிக்குப் போயிட்டேன். அதுக்கு அவங்க கீழேந்து சொன்னது, "கோர்ட்ல 6 மாசம் யோசிக்க டைம் குடுத்தாக, அந்த 6 மாசத்துல ஒரு நா என்னைக் கூப்பிட்டு யோசன கேட்டியா". அன்னிலேந்து நேர் பேச்சு கிடையாது.

இப்ப பிள்ளையார் நோன்பு வருது. அண்ணன் குடும்பத்தோட வர்றாங்க, பெரியப்பச்சி பெரியாத்தா எல்லாரும் இந்த வருஷம் எங்க வீட்டு வளவுலதான் இழை (திரி ஏத்துன மாவு) எடுத்துக்கப் போறாங்க. நேத்து என் பொண்ணு வந்து சொல்றா, "அம்மா, நோன்பு அன்னிக்கு ஒங்களுக்கு சென்னைல வேல இருந்தா போயிட்டு வரலாமாம், ஆயா சொன்னாங்க, நான் இங்கயே இருக்கணுமாம்". அந்த வார்த்தைய என் பிள்ள வாயால கேட்டப்ப எனக்கு உடம்பெல்லாம் ஆடிப்போச்சு.

நான் கெளம்பி சென்னைக்கே போயிடட்டுமா? இல்ல இங்கயே இருந்து அம்மாவ பேச வைக்க வழி இருக்கா? இதே மாதிரி வீட்ல இருந்தவங்க சொல்லுங்க. நம்ம பக்கம் தெரிஞ்சவங்க சொன்னா இன்னும் நல்லது, மத்தவங்களுக்கு சாமான் விஷயமே புரிய மாட்டேங்குது.

—

பள்ளத்தூர் ஆச்சி:

ஆத்தா, ஒன் எழுத்தப் படிச்சிட்டு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எனக்கு 64 வயசு, என் சின்ன மகளும் தீத்துக்கிட்டு வந்தவதான். அதனால ஒங்கம்மா பக்கத்துல நின்னு கொஞ்சம் சொல்றேன், கோவிச்சுக்காத, அப்பறம் ஒன் பக்கத்துக்கும் வர்றேன்.

நம்ம வீடுகள்ல பொம்பளப் பிள்ள பொறந்த அன்னிலேந்து தாய் சாமான் சேக்க ஆரம்பிக்கிறா. இது ஒனக்குத் தெரியும், ஆனா அத சேக்குறது எப்படின்னு நீ பாத்திருக்க மாட்ட, அப்ப நீ கைப்பிள்ள. நான் சேத்தத சொல்றேன். சீட்டு எடுத்தா ஒரு அண்டா. பாத்திரக்காரன் பழசுக்குப் புதுசு மாத்த வந்தா அடுக்கு ஒரு செட்டு. செட்டியார், எங்க வீட்டுக்காரரு, வட்டிப் பணத்துல கொஞ்சம் கையில குடுத்தாகன்னா நமக்குச் சேலை எடுக்காம வெள்ளில ஒரு சந்தனக் கிண்ணம். அத வாங்கிட்டு வந்து விலாசம் வெட்டக் குடுத்து, துணில சுத்தி, சிட்டைல எழுதி, இரண்டாங்கட்டு அறைல பூட்டி வைக்கிறது. இருவது இருவத்தஞ்சு வருஷம் ஒரு பொம்பளைக்கு அதுதான் வேல, அதுதான் பேங்க்கு, அதுதான் நேத்திக்கடன். கல்யாணத்துக்கு மொத நாள் அத்தனையும் பரப்பி வச்சு ஊரு வந்து பாக்கும் பாரு, அன்னிக்கு ஒரு நாள்தான் அவளுக்கு ஊரு மரியாத. அந்தச் சாமான் கட்டுப் பிரிக்காம திரும்பி வந்து எறங்குனா அவளுக்கு எப்படி இருக்கும்? ஒங்கம்மா பாத்திரத்த எண்ணல ஆத்தா. ஒன் வாழ்க்கைல எங்க ஓட்டை விழுந்துச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்ச ஒரே கணக்குல தேடியிருக்கா. கூசா கொறயுதுன்னா அது ஒண்ணுதான் அவளால கண்டுபிடிச்சுக் கேக்க முடிஞ்ச கொற. மத்த கொறைய எப்படிக் கேக்குறதுன்னு எங்க தலைமொறைக்கு யாரும் சொல்லித் தரல. எங்க ஆத்தா என்கிட்ட "நல்லா இருக்கியா"ன்னு கேட்டதா எனக்கு நெனப்பே இல்ல, "வெஞ்சனம் என்ன வச்ச"ன்னுதான் கேப்பாக.

இது ஒங்கம்மாவுக்காக. இனிமே ஒனக்காக.

"லீவுக்கு வந்திருக்கா"ன்னு சொல்றது தப்பு. நோன்புக்கு ஒன்ன வெளியூர் போகச் சொன்னது அதவிடப் பெரிய தப்பு. பிள்ளையார் நோன்பு என்ன சுமங்கலி நோன்பா? கார்த்திகைலேந்து 21 நாள், நாளைக்கு ஒரு நூல் எடுத்து, 21 நூல்ல திரி திரிச்சு, மாவுல வச்சு ஏத்தி, ஆம்பள பொம்பள சின்னது பெருசு எல்லாரும் வாங்கி அந்தச் சுடரோட வாயில போட்டுக்குற நோன்பு. புருஷன இழந்தவுக எடுத்துக்கிறாக, கல்யாணம் ஆகாதவுக எடுத்துக்கிறாக. பிள்ளத்தாச்சிக்கு வயித்துல இருக்கதுக்கும் சேத்து ரெண்டு இழை குடுக்குறோம். பொறக்காத பிள்ளையவே கணக்குல சேக்குற நோன்புல பெத்த மகளுக்கு எடம் இல்லையா? நீ எங்கயும் போகாத.

என் வீட்ல நடந்தது சொல்றேன். மக வந்து கொஞ்ச நாள் நானும் வாய மூடிட்டுத்தான் இருந்தேன், யாரப் பாத்தாலும் நெஞ்சு படபடங்கும். அப்பறம் ஒரு கல்யாண வீட்ல எங்க பெரிய அம்மான்மிண்டி (மாமா பொண்டாட்டி), வாய்க்காரி, எல்லார் முன்னாலயும் "மாப்பிள்ளை எங்க?"ன்னாக. நான் வாய் தெறக்குறதுக்குள்ள என் மகளே சொல்லிட்டா, "நாங்க தீத்துக்கிட்டோம், நான் இப்ப அம்மாகிட்டதான் இருக்கேன், வேலைக்குப் போறேன், நல்லா இருக்கேன்". அவ்வளவுதான். அந்த அம்மா ஒரு நிமிஷம் பாத்தாக, "சரி, மொதல்ல சாப்பிடு வா"ன்னு பந்திக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. அதுக்கப்பறம் எனக்குப் பொய் சொல்ற வேலையே இல்லாமப் போச்சு, வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் பேசுனோம்.

அதனால ஒங்கம்மா சொல்லுவாகன்னு காத்திருக்காத, அவுகளால முடியாது. ஒங்க பெரியப்பச்சிய நோன்புக்கு முன்னாடியே நீ போய்ப் பாரு, ஒன் வாயால சொல்லு. ஒங்கம்மா பயப்படுறது ஒன்னப் பாத்து இல்ல, அவுகளப் பாத்துத்தான்.

—

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி சொல்றது மனசுக்கு நல்லா இருக்கு, ஆனா எல்லாப் பெரியப்பச்சியும் "சாப்பிடு வா"ன்னு சொல்ல மாட்டாங்க. சில பேரு அம்மாவத்தான் நாலு வார்த்த கேப்பாங்க, அது திரும்ப இவங்க தலைல விடியும். என் அபிப்ராயம், அழகப்பா யுனிவர்சிட்டி பக்கமோ செக்காலைலயோ ஒரு சின்ன வீடா வாடகைக்குப் பாருங்க. கோட்டையூர் பக்கம்தானே, பிள்ள ஸ்கூல் மாத்த வேண்டாம், சாயங்காலம் ஆயாவப் போய்ப் பாத்துட்டு வரலாம். ஒரே கூரைக்குள்ள இருந்துக்கிட்டு பேசாம இருக்குறதுதான் ஆளக் கொல்லும். எங்க அக்கா அப்படிப் போனதுக்கு அப்பறம்தான் எங்கம்மா தெனம் அவங்களுக்கு போன் பண்ண ஆரம்பிச்சாங்க. ஆனா ஒண்ணு, கோவத்துல போகாதீங்க, சொல்லிட்டுப் போங்க.

—

சிவகங்கை வக்கீல்:

சாமான் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இதுல நெறய வீட்ல தேவையில்லாத சண்ட நடக்குது.

கல்யாணத்துக்கு முன்னயும் அப்பவும் பின்னயும் பொண்ணுக்குக் குடுத்த நகை, வெள்ளி, பாத்திரம் எல்லாம் ஸ்திரீதனம். அது அந்தப் பொண்ணோட சொத்து, புருஷனோடதோ மாமியாரோடதோ இல்ல, பெத்தவங்களோடதும் இல்ல. 1985ல பிரதிபா ராணி வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, புருஷன் வீடு அத வச்சிருந்தா நம்பி ஒப்படைச்ச பொருள வச்சிருக்குற மாதிரிதான், கேட்டா குடுத்தாகணும். 2024 ஆகஸ்ட்ல இன்னொரு தீர்ப்பு, தெலங்கானா கேஸ். டைவர்ஸ் ஆன மகளோட சீதனத்த அவளோட அப்பா சம்பந்தி வீட்ல திருப்பிக் கேட்டு கேஸ் போட்டாரு. மக உயிரோட இருக்கா, தன் காரியத்த தானே பாத்துக்கிற நெலைல இருக்கா, அவ அனுமதி இல்லாம அப்பா கேக்க முடியாதுன்னு கேஸையே ரத்து பண்ணிட்டாங்க. ஆக கூசா வேணுமா வேண்டாமான்னு முடிவெடுக்க வேண்டியது நீங்க, அம்மா இல்ல.

ஒரு விஷயம் பாத்துக்கோங்க. மியூச்சுவல் கன்சென்ட் பெட்டிஷன்லயோ கூட போட்ட செட்டில்மென்ட்லயோ "பொருட்கள் அனைத்தும் பெற்றுக்கொண்டேன், இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு ஒரு வரி வழக்கமா இருக்கும். அது இருந்து நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா இனிமே கேக்குறது கஷ்டம்.

அப்பறம் அந்த 6 மாசம். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல, அதான் மியூச்சுவல் கன்சென்ட்ல, பெட்டிஷன் போட்டதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் மறுபடி யோசிக்கத்தான் அந்த அவகாசம், சேந்து வாழ வாய்ப்பே இல்லாத கேஸ்ல கோர்ட் நெனச்சா அதத் தள்ளுபடியும் பண்ணலாம்னு 2017லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. சட்டப்படி யோசிக்க வேண்டியது புருஷனும் பொண்டாட்டியும்தான். ஆனா ஒங்கம்மா கேட்டது சட்டக் கேள்வி இல்லன்னு எனக்கே புரியுது.

வீட்டப் பத்தியும் யாராவது ஏதாவது சொன்னா பயப்படாதீங்க. பூர்வீக வீட்ல அப்பச்சி பங்குல ஒங்களுக்கும் உரிமை இருக்கு, கல்யாணம் ஆனாலும் டைவர்ஸ் ஆனாலும் அது மாறாது.

—

ஆத்தங்குடிக்காரி:

எல்லாரும் அம்மாவப் பத்தியும் சாமானப் பத்தியும் பேசுறீங்க, அந்த 6 வயசுப் பிள்ளையப் பத்தி யாரும் பேசல.

நான்தான் அந்தப் பிள்ள. எனக்கு 5 வயசு இருக்கும்போது எங்கம்மா என்ன கூட்டிட்டு ஆயா வீட்டுக்கு வந்தாங்க. எங்க ஆயாவும் அம்மாவும் என் வழியாத்தான் பேசிக்குவாங்க. "ஒங்கம்மாட்ட சொல்லு", "ஆயாட்ட போய்க் கேளு". மொதல்ல எனக்கு அது பெருமையா இருந்துச்சு, வீட்ல நான்தான் பெரிய ஆளுன்னு. கொஞ்சம் வளந்ததும் பயம் வந்துடுச்சு, ஏன்னா ஒரு வார்த்த கோவமா இருந்தா அத எப்படிப் போய்ச் சொல்றதுன்னு தெரியாது. நானே மாத்திச் சொல்லுவேன். ஆயா "எங்கயாச்சும் போயித் தொலைய வேண்டியதுதானே"ன்னா நான் போய் "ஆயாவுக்குத் தலவலியாம்"னு சொல்லுவேன். வளவு ஓரத்துல இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவுல நின்னு என்ன சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன், காலுக்கடில பூப்போட்ட கல்ல எண்ணிக்கிட்டு. அந்தக் கல்லு இன்னிக்கும் கண்ண மூடுனா தெரியும். இப்ப எனக்கு 29, யாராவது ரெண்டு பேர் சத்தம் கம்மியாப் பேசுனாலே எனக்குக் கை சில்லுன்னு ஆயிடும், கவுன்சிலிங் போயித்தான் அது ஏன்னு வெளங்குச்சு.

அக்கா, நோன்பு, கூசா, பெரியப்பச்சி எல்லாம் அப்பறம். இன்னிக்கே ஒண்ணு செய்ங்க. ஒங்க பொண்ணு ஆயா சொன்னதக் கொண்டு வந்தா வாங்காதீங்க. "ஆயாவே அம்மாட்ட சொல்லுவாங்க, நீ போயி வெளையாடு கண்ணு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி அம்மா முன்னாடி நில்லுங்க. "என்ன சொன்னீங்க?"ன்னு மட்டும் கேளுங்க, சண்டைக்கு இல்ல. பத்துத் தடவ பதில் சொல்லாம இருப்பாங்க, பரவால்ல. பிள்ளைகிட்டயும் தனியா சொல்லுங்க, ஆயாவும் அம்மாவும் பேசாதது ஒன்னால இல்லன்னு. எனக்கு அத யாருமே சொல்லல. தாங்க முடியாத அளவுக்கு இருந்தா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், கவர்மெண்ட்டோடது, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

—

கோட்டையூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆத்தங்குடித் தங்கச்சி எழுதுனதப் படிச்சுட்டு பாத்ரூம்ல போயி அழுதேன். மறுநாளே ஆரம்பிச்சுட்டேன். பொண்ணு வந்து "அம்மா, ஆயா சட்னி அரைக்கத் தேங்கா வாங்கச் சொன்னாங்க"ன்னா. அவள அனுப்பிட்டு நானே அடுப்படிக்குப் போயி "எத்தன தேங்காம்மா?"ன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. அப்படியே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு "ரெண்டு"ன்னாங்க. இப்ப தெனமும் இப்படித்தான், ஒத்த வார்த்தைல பதில் வருது. பிள்ள மொகத்துல நெஜமாவே ஒரு மாத்தம் தெரியுது, சாயங்காலம் வீடெல்லாம் ஓடிட்டு இருக்கா.

பெரியப்பச்சிகிட்டயும் போனேன். அம்மாகிட்ட "நான் போயிச் சொல்லப் போறேன்"னு சொல்லிட்டுத்தான் போனேன், அவங்க போகாதன்னு சொல்லல. தேவகோட்டை அண்ணன் பயந்த மாதிரி அவரு ஒண்ணும் இனிக்க இனிக்கப் பேசல. "எங்களையெல்லாம் கேட்டு முடிச்ச கல்யாணம், கேக்காம முடிச்சுட்டியா"ன்னு கோவமா கேட்டாரு. கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. பெரியாத்தாதான், "நோன்புக்கு அவரு கையாலதான் இழை, நீ பிள்ளைய கூட்டிட்டு நேரத்தோட வந்து நில்லு"ன்னு சொல்லி அனுப்புனாங்க. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நடந்தத அப்படியே சொன்னேன். அம்மா கேட்ட மொதல் கேள்வி, "ஒன்னத் திட்டுனாகளா?". நான் "கொஞ்சம்"னேன். "அவுகளுக்கு என்ன தெரியும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. என் பக்கம் நின்னு அவங்க பேசி நான் கேட்டது அதுதான் மொதல்.

நோன்புக்கு இருக்கேன். அதுக்கப்பறம் காரைக்குடில வீடு பாக்குறதப் பத்தி யோசிப்பேன், அது நல்ல யோசனதான், ஆனா ஓடிப் போற மாதிரி இருக்கக் கூடாது.

வக்கீல் சார், பேப்பர எடுத்துப் பாத்தேன், நீங்க சொன்ன அதே வரி இருக்கு, கீழ என் கையெழுத்து. கூசாவுக்கு இனி ஒண்ணும் பண்ண முடியாதா? எனக்கு அது வேண்டாம், ஆனா அம்மா அத எந்த வருஷம் வாங்குனாங்கன்னு நோட்டப் பாத்தப்ப, எனக்கு அம்மை போட்டு எறங்குன வருஷம், "நேந்துக்கிட்டது"ன்னு பக்கத்துல எழுதியிருக்காங்க.

—

சிவகங்கை வக்கீல்:

கேஸ் போட்டு வாங்குறது நடக்காதும்மா, அந்த வரி இருந்தா கஷ்டம். ஆனா கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒருத்தர் மூலமா "தவறுதலா தங்கிப்போச்சு, அம்மா நேந்து வாங்குனது"ன்னு காரணத்தோட சொல்லிக் கேளுங்க, வாய் வார்த்தையா, வாட்ஸ்ஆப்ல குத்தம் சொல்லி எதுவும் எழுத வேண்டாம். குடுக்கலன்னா விட்டுடுங்க. எதுவா இருந்தாலும் மொதல்ல அம்மாகிட்ட நீங்களே உக்காந்து சொல்லிடுங்க, பேப்பர்ல என்ன இருக்குன்னு படிச்சும் காட்டுங்க.

—

பள்ளத்தூர் ஆச்சி:

படிச்சுக் காட்டும்போது அந்த நோட்டையும் பக்கத்துல வச்சுக்க ஆத்தா. அம்மை போட்ட வருஷம் என்ன நடந்துச்சுன்னு அவுககிட்டயே கேளு. அதுக்கு ஒத்த வார்த்தைல பதில் சொல்ல மாட்டாக.